அசையாமல் கிடப்பவரின் பசி

இதை எழுத உட்காருவேன். உடனே அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வரும். எழுந்து போய்விடுவேன். திரும்பி வந்தால் பேனாவைத் தொட மனசு வராது. இப்படியே பல வருஷம் ஓட்டிவிட்டேன். எட்டாவதோடு நின்ற படிப்பு என்பது ஒரு சாக்கு. நிஜமான தயக்கம் வேறு. இது சாமி காரியத்தையும் ஒரு குடும்பத்தின் கஷ்டத்தையும் சேர்த்துத் தொடுகிற விஷயம். ஒரு வார்த்தை சாய்ந்தால் முருகனைக் குறை சொன்ன பாவம், இன்னொரு பக்கம் சாய்ந்தால் ஒரு பெண்ணைக் குறை சொன்ன பாவம். இரண்டையும் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.

போன ஆடிக் கிருத்திகைக்கு, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் சமையல்கட்டுப் பெண்கள் திருத்தணி மலைக்கு வந்துவிட்டு என் வீட்டில் சாப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே எல்லாம் மாறிவிட்டதாம். மூக்கில் குழாய் போட்டிருக்கிற நோயாளிகளுக்கு இப்போது டப்பாவில் மாவு வருகிறதாம், ஆற வைத்த தண்ணீரில் கலக்கினால் வேலை முடிந்ததாம். அந்தப் பேச்சு நடக்கும்போதே ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நீங்க ஒரு காவடிக்காரருக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தீங்களாமே? கிருத்திகை அன்னிக்கு மேளச் சத்தம் கேட்டதும் டக்குனு கண்ணு தொறந்துட்டாராமே?"

பக்கத்தில் இருந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அட போடி. விரதம் விரதம்னு பொண்டாட்டியே பட்டினி போட்டு அந்தாள கொல்லப் பாத்தாளாம். அதான் கதை" என்றாள்.

இரண்டுமே நடக்காத விஷயம். மறுநாள் பஸ் ஏறிக் கனகம்மாசத்திரம் போய் அந்தக் காவடிக்காரரின் மனைவியையே பார்த்து, எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுக்கா. ஆனா பேர மாத்திப் போட்டுடு" என்றாள். ஆகவே கஸ்தூரி, ஏழுமலை என்பதெல்லாம் நான் வைத்த பெயர்கள். மற்றது நடந்தபடி.

எங்களுடையது கே.ஜி.கண்டிகைப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம். திருத்தணியில் வாழ்க்கைப்பட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், மலைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் சேர்ந்தேன். முதலில் காய் நறுக்கினேன். பிறகு இட்லி ஊற்றினேன். பிறகு சர்க்கரைக்காரர்களுக்கு, உப்பு ஆகாதவர்களுக்கு என்று தனித்தனியாகச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். கடைசியில்தான் குழாய்ச் சாப்பாடு என் கைக்கு வந்தது. அதற்கு வழி சொன்னவர் சுகுணா மேடம்.

சுகுணா மேடம் எந்த நோயாளிக்கு என்ன உணவு, எவ்வளவு என்று தீர்மானிக்கிற டயட் மேடம். ஊர் நகரி. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் சின்னதாகிவிடும், நாம்தான் கிட்டே போய்க் கேட்க வேண்டும். நினைவு இல்லாமல் கிடப்பவரைத் தொடும் முன்னால் அவரிடமே சொல்லிவிட்டுத்தான் தொடுவார். "ஐயா, கையைத் தூக்கறேன். டேப்பு கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்." பதில் வராது என்று தெரியும். ஆனாலும் ஒரு நொடி காத்திருந்து பிறகு தூக்குவார். படுத்த படுக்கையாக இருப்பவரைத் தராசில் நிறுத்த முடியாது. அதனால் தையற்காரர் டேப்பை மேல்கையில் சுற்றி, சதை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்.

ஒரு தடவை நான் வாய் தவறி, "மேடம், அந்தப் பெட்டுக்குக் கஞ்சி ஊத்தியாச்சு" என்றேன். குரல் சின்னதாகிவிட்டது. "ஊத்தறதுக்கு அவர் இன்னா தொட்டியாம்மா? பரிமாறியாச்சுனு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு அது பரிமாறுவதுதான்.

அந்தச் சாப்பாட்டின் பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யாரும் செய்யப்போவதில்லை. அரிசியையும் பாசிப்பருப்பையும் லேசாக வறுத்துக் குழைய வேகவிட வேண்டும். அரைத்து, காய்ச்சிய பால், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய், சில வேளைக்கு மட்டும் நன்றாக வேகவைத்த முட்டை சேர்த்து மறுபடி அரைக்க வேண்டும். சல்லடையில் ஒரு தரம், கொதிநீரில் போட்டெடுத்த வெள்ளைத் துணியில் ஒரு தரம் வடிகட்ட வேண்டும். ஒரு பருப்புத் தோல் போனாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். ரொம்பத் தண்ணியாக்கினால் சத்து இருக்காது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் சுடவும் கூடாது, ஜில்லென்றும் இருக்கக் கூடாது. வார்டில் நர்ஸ் தலைப்பக்கத்தை உயர்த்தி, குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய சிரிஞ்சின் தள்ளுகிற தண்டை எடுத்துவிட்டு வெறும் குழலை மூக்குக் குழாயில் மாட்டி உயரப் பிடிப்பார். அதில் விட்டால் தானாக இறங்கும். அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. கடைசியில் கொஞ்சம் தண்ணீர். வீட்டுக்குப் போனபின் செய்ய வேண்டுமே என்று சொந்தக்காரர்களுக்கும் இதைப் பழக்குவார்கள். கை பழகியவுடன் அவர்களே கொடுப்பார்கள்.

அந்த வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு சந்தேகம். நான் விடிந்தது முதல் அண்டா தூக்குகிறேன், தேங்காய் துருவுகிறேன். எனக்குப் பசிப்பது நியாயம். சும்மா படுத்திருக்கிறவருக்கு ஏன் வேளை தவறாமல் இவ்வளவு? மேடத்திடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சும்மான்னு யார் சொன்னது? நாமதான் சும்மா இருக்கோம்னு நினைச்சிக்கறோம். நெஞ்சு அடிச்சிக்கினு இருக்கு. மூச்சு இழுக்கணும். மூளை தூங்கும்போதும் வேலை நிறுத்தறதில்ல, அதுக்கே பெரிய பங்கு போவுது. ஈரல், சிறுநீரகம் எல்லாம் ஓடுது. உடம்பு சூடா இருக்கணும். பழசு தேய்ஞ்சா புதுசு கட்டணும். முக்கால்வாசிப் பேர் ஒரு நாள் சாப்பிடறதுல பாதிக்கு மேல இதுக்குத்தான்மா செலவாவுது. நீங்க அண்டா தூக்கறதெல்லாம் அதுக்கு மேல."

"ஜுரம் வந்தா, மேடம்?"

"இன்னும் அதிகம். புண்ணு இருந்தா, அதை மூட இன்னும் வேணும். வெளியிலேர்ந்து வரலைன்னா உடம்பு சொந்தக் கொழுப்பைத் தின்னும், சதையைத் தின்னும். கேட்டா இல்லைனு சொல்லத் தெரியாது அதுக்கு."

அன்று மாலை விளக்கேற்றி உட்கார்ந்தபோது என் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தேன். நான் ஒன்றும் செய்யவில்லை. அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. நாம் கேட்காமலே உள்ளே இத்தனை வேலையை முருகன் ஒப்படைத்து வைத்திருக்கிறானே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஏழுமலை ஆட்டோ ஓட்டுகிறவர். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி முருகனுக்குப் பூக்காவடி எடுப்பார். அதற்காக மாலை போட்டால், ஒருவேளைச் சாப்பாடு, கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை. அந்த வருஷம் மாலை போட்ட சில நாளில் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டுவிட்டார். சென்னையில் ஆபரேஷன் செய்து, உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, இனிமேல் கவனிப்புதான் முக்கியம் என்று சொல்லி எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நினைவு திரும்பவில்லை. கழுத்திலிருந்து கழற்றிய மாலையை அவர் மனைவி கஸ்தூரி மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள்.

கஸ்தூரி கை பழகிய பெண். நர்ஸ் ஒரு தரம் காட்டியதும் பிடித்துக்கொண்டாள். நான் பாத்திரத்தைக் கொண்டுபோய் வைப்பேன். திரும்ப எடுக்க வரும்போது கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருப்பாள். அவள் தம்பி மூர்த்தி மாலையில் வந்து கட்டில் அருகே நின்று பேசுவான். "பாவா, உன் வண்டிய தொடச்சி வெச்சிருக்கேன். வேற எவனையும் தொட வுடல. நீ எழுந்து வந்து, ஏன்டா ஸ்க்ராட்ச் வுட்டனு என்ன திட்டு, கேட்டுக்கறேன்." சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வருவான்.

ஏழுமலையின் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. நெற்றிப்பொட்டுப் பக்கம் குழி விழுந்தது. ஜுரம் விட்டு விட்டு வந்தது. கீழ் முதுகில் படுக்கைப் புண் ஒன்று ஆறாமல் விரிந்தது. மேடம் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே சமையல்கட்டுக்கு வந்தார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிச் சாப்பாட்டை ருசி பார்த்தார். ஊற்றிப் பார்த்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. என்னைச் சந்தேகப்படுகிறாரே என்று.

"இங்கிருந்து போறது சரியாத்தான் இருக்கு" என்றார். "அப்புறம் எங்க போவுது?"

பதில் சொன்னது எங்கள் ஆயா முனியம்மா. வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், "எனுக்குத் தெரியும் மேடம். அந்த வார்டு ஜன்னலாண்ட ஒரு பூனை கீது பாருங்க, போன மாசம் எலும்பும் தோலுமா இருந்துச்சு. இப்ப கல்யாண வூட்டு சமையக்காரன் மாரி தொப்பையோட நடக்குது. எவனோ அதுக்கு முட்டையும் பாலும் போட்டு வளக்கறான்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். மேடம் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க" என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

கஸ்தூரி மறைக்கவில்லை. தலையைக் குனிந்தபடி, "மாலை போட்டவரு மேடம். முட்டை எப்டி உள்ள போவும்? கலந்து வர்ற வேளையெல்லாம் ஜன்னல் வெளிய வுட்டுட்டேன். தண்ணிதான் குடுத்தேன்" என்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"பட்டணத்துல சொன்னேன் மேடம். ஒரு நர்சம்மா சிரிச்சிட்டாங்க. நீங்களும் சிரிச்சிட்டா நான் எங்க போவேன்?"

மேடம் பக்கத்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நான் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருக்கறவ. நான் ஏன் சிரிக்கப்போறேன்? முட்டை இல்லாம செய்யலாம். பாலைக் கூட்டி, பருப்பைக் கூட்டி, வேர்க்கடலை சேர்த்துச் செய்யலாம். இன்னையிலேர்ந்து அப்படியே வரும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அன்றே தனிப் பாத்திரம் எடுத்து, முட்டை படாத மிக்சி ஜாரில் அரைத்தேன்.

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுநாள் மேடம் சொல்லி நான் கூடவே நின்றேன். கஸ்தூரி ஒரு வேளை கொடுத்தாள். அடுத்த வேளைக்குப் பாத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா?"

"அவுரு ஒருவேளை விரதம்கா. நானும் அப்டித்தான் இருக்கேன்." பிறகு எரிச்சலும் அழுகையுமாக, "படுத்துகினு கீறவருக்கு எதுக்குக்கா இவ்ளோ? சவாரி ஓட்றாரா? மூட்டை தூக்கறாரா? இருக்கற விரதத்தையும் நானே உடைச்சி, முருகன் இவரையும் எடுத்துக்கினா, நான் யாரக் கேக்கறது?" என்றாள்.

நான் பழைய சந்தேகக்காரி. மேடம் எனக்குச் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஈரல், மூளை என்று நான் சொல்லச் சொல்ல அவள் மனசில் ஒன்றும் ஏறவில்லை. அந்நேரம் நர்சும் முனியம்மாவும் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வந்தார்கள். புண் ஆறுவதற்காக அடிக்கடி பக்கம் மாற்றுவார்கள். மேடமும் வந்து நின்றார். "ஐயா, இடது பக்கம் திருப்பறோம்" என்று சொன்னார். அவரைத் திருப்பியதும், அவர் இவ்வளவு நேரம் கிடந்த இடத்தில் மேடம் கஸ்தூரியின் கையைப் பிடித்து வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"சூடா கீது."

பக்கத்துக் கட்டில் காலி. அங்கே கொண்டுபோய் அவள் கையை வைத்தார். "இது?"

"ஜில்லுனு."

"ரெண்டும் ஒரே ரெக்சின், ஒரே துணி. அந்தச் சூடு எங்கிருந்து வந்துச்சும்மா? அவர் செய்யறாரு. ராவும் பகலும் படுத்துகினே செய்யறாரு. இதுக்குத்தான் சாப்பாடு. நாம குடுக்கலைன்னா, இந்தக் கையில இருக்கற சதையை எடுத்து எரிச்சி இந்தச் சூட்டைக் குடுப்பாரு. புண்ணை மூட ஒன்னும் மிஞ்சாது. ஒருவேளை விரதம் நல்ல உடம்புக்குத் தாங்கும். இது தாங்காது."

கஸ்தூரி திரும்பிப் போய் அந்தச் சூட்டின் மேல் மறுபடி கையை வைத்துக்கொண்டாள். அது ஆறுகிற வரைக்கும் எடுக்கவில்லை.

மேடம் போன பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீயும் கிருத்திகை கிருத்திகைக்கு இருக்கறவ. நீ சொல்லு. விரதம் உடையாதா?" என்றாள்.

என்னால் பொய் சொல்ல முடியாது. சாமி ஒன்றும் நினைக்காது என்று சொல்ல நான் யார்? ஆனால் என் மனசில் இருந்ததைச் சொன்னேன். "எனக்குச் சாஸ்திரம் தெரியாதும்மா. நான் விரதம் இருக்கறப்ப எதிர்ல சோறு இருக்கும், எனக்குப் பசிக்கும், முருகான்னு சொல்லி எழுந்து போவேன். அது நான் அவனுக்குக் குடுக்கறது. உன் வூட்டுக்காரர் பசிக்குதுன்னும் சொல்ல முடியாது, வேணாம்னும் சொல்ல முடியாது. அவருக்கு நாம குடுக்காம வுட்டா, அதை யார் யாருக்குக் குடுத்த கணக்கு?"

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "அப்ப அவுரு விரதத்த நான் வாங்கிக்கலாமா?" என்றாள்.

"அதை நான் சொல்லக் கூடாது. மலை மேல போய்ட்டு வா."

இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினாள். "இந்த வேளைய நீ குடுத்துடுக்கா. ஆறிடும்."

நர்ஸ் உதவியோடு நான் பரிமாறினேன். பல வருஷமாகச் சமைத்துக் கொடுத்திருக்கிறேன், குழலைப் பிடித்தது அன்றுதான். மெள்ள மெள்ள இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கந்தா, கடம்பா என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

கஸ்தூரி இறங்கி வந்தபோது மாலை அவள் கழுத்தில் இருந்தது. யாரைக் கேட்டாய் என்றேன். "யாரையும் கேக்கல. எதிர்ல நின்னேன். கூட்டத்துல தள்ளிட்டாங்க. மறுபடி போய் நின்னேன். அப்ப எனக்கே போட்டுக்கணும்னு தோணிச்சி" என்றாள். அவ்வளவுதான். அசரீரி எதுவும் கேட்கவில்லை. அவளும் கேட்டதாகச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு வேளையும் தவறவில்லை. மேடம் அவளிடம் ஒரு நிபந்தனை போட்டார். "நீ ஒருவேளை சாப்பிடு. ஆனா அந்த ஒருவேளையை என் சமையக்கட்டுல, என் கண்ணெதிர்ல, வயிறு நிறையச் சாப்பிடணும்." சாப்பிட்டாள். முனியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "தின்னுடி, பூனை பாவம், வேலை இல்லாம எளைச்சிப் போச்சி" என்பாள். கஸ்தூரி முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

ஆடிக் கிருத்திகை வந்தது. ரோடு முழுக்கக் காவடி, பம்பை, உடுக்கை, அரோகரா. வார்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூர்த்தி கூடப் போக, கஸ்தூரியே பூக்காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலையேறினாள். அவள் திரும்பி வரும் வரை நான் அவர் பக்கத்தில் இருந்தேன். என் மனசிலும் ஆசை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். இன்றைக்கு ஏதாவது நடக்கும், நடக்காமல் இருக்காது என்று அவர் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். நெற்றி நிறைய விபூதி, தலையெல்லாம் பூ உதிர்ந்திருந்தது. அவர் நெற்றியில் பூசிவிட்டு முகத்தையே பார்த்தாள். வெளியே மேளம் போய்க்கொண்டே இருந்தது. அவர் அப்படியே கிடந்தார். மூச்சு வந்தது, போனது.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சா?"

"ஆங், ஆயிடுச்சும்மா."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, தலைப்பக்கத்தை உயர்த்தி, "இந்தாங்க, சாப்பிடுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பரிமாறினாள்.

முதலில் ஜுரம் நின்றது. பிறகு புண் ஓரத்தில் சிவப்புச் சதை கட்டிக்கொண்டு வந்தது. மேடத்தின் டேப்பில் மேல்கை அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அவர் கண்ணைத் திறந்தது வெகு நாள் கழித்து, எந்த விசேஷமும் இல்லாத ஒரு நாள். யாரும் பார்க்கவில்லை. முனியம்மா தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பேச்சு திரும்ப இன்னும் காலம் பிடித்தது. வலது கை இன்றுவரை சரியாக வரவில்லை, ஆட்டோ ஓட்டவில்லை. கஸ்தூரி ரோட்டோரம் நடத்துகிற டிபன் கடையில் இடது கையால் வெங்காயம் உரிக்கிறார். நான் போனபோது, "உன் கஞ்சியில உப்பே இல்லையாமே, இவ சொன்னா" என்று என்னைக் கிண்டல் செய்தார்.

சாப்பாடுதான் அவரை எழுப்பியது என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் இருக்கிறார், புரட்டிப் படுக்கவைத்த நர்ஸ் இருக்கிறார், எல்லாருக்கும் மேலே அவன் இருக்கிறான். அதே பாத்திரத்தில், அதே பக்குவத்தில், ஒரு வேளை குறையாமல் நான் கொடுத்தனுப்பி, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் வீட்டிலும் மாலை போட்டுக்கொண்டார்கள், மலையேறினார்கள்.

அதனால்தான் கேட்கிறேன். இதைப் படித்தவர்கள் பிறருக்குச் சொல்லுங்கள், அவசியம் சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். விரதத்தைப் பழிக்க இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் விரதத்தை விடவில்லை. கிருத்திகை அன்று அவர் கண் திறந்தார் என்றும் சேர்க்காதீர்கள், கேட்க நன்றாக இருந்தாலும். நீங்கள் சொல்வதைக் கேட்கிற ஒரு பெண் இப்போது ஏதோ ஒரு கட்டில் பக்கம் உட்கார்ந்திருப்பாள். கிருத்திகை வந்து போகும், அவள் வீட்டுக்காரர் அப்படியே கிடப்பார். தன் பக்தியில் எங்கே குறை என்று அவள் தேட ஆரம்பித்துவிடக் கூடாது. அன்றைக்கு அவர் கண் திறக்கவில்லை, கஸ்தூரி கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கொடுத்தாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.